களைக்கு வக்கீல்கள்

புதுக்கோட்டையில் வீடு வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை நான்கு: பத்திரம், பட்டா, வில்லங்கம், போர்த் தண்ணீர். நான்கையும் பார்த்துத்தான் வாங்கினோம். வாசலில் இரண்டு சென்ட் புல்வெளி ஒன்று இருந்தது. அதற்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வழியில்லை.

விற்றவர் கிரகப்பிரவேசத்துக்காகக் கொரியன் புல் பதித்தாராம். அவர் மகளோடு இருக்கப் பெங்களூரு போனதும் தண்ணீர் நின்றது. ஒரே சித்திரையில் கொரியா வாபஸ் வாங்கிக்கொண்டது. நாங்கள் சாவி வாங்கியபோது அங்கங்கே கையகலப் பச்சை, நடுவில் செம்மண், ஓரமெல்லாம் சரளை, மீதி முழுக்கத் தானாக வந்து குடியேறியவை. இந்தப் பக்கத்து நிலம் அப்படி. மேலாக்கச் செம்மண், வெட்டினால் செம்பூராங்கல். மண்வெட்டி கணீரென்று சத்தம் போட்டுத் திரும்பி வரும்.

என் மனைவியின் திட்டம் எளிமையானது. முதலில் களை எடுப்பது, பிறகு வெற்றிடத்தில் புதுப் புல் பதிப்பது, அப்புறம் தினமும் தண்ணீர். தண்ணீர்க் கணக்கை நான் போட்டேன். கோடையில் புல்வெளி ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தண்ணீர் குடிக்கும். இரண்டு சென்டுக்கு அது 400 லிட்டர், அதாவது இருபத்தைந்து குடத்துக்கு மேல். தெருக்குழாயில் குடங்கள் வரிசை கட்டும் ஊரில், ஆடு மாடு தின்னாத ஒரு புல்லுக்கு இருபத்தைந்து குடம் ஊற்றுவதை நாலு பேர் பார்த்துவிட்டால், அந்தத் தெருவிலிருந்து நமக்குக் கல்யாணப் பத்திரிகை வராது. சரி, தண்ணீரைப் பிறகு பார்ப்போம், களையிலிருந்து தொடங்குவோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் செடியில் கை வைத்ததுமே காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அப்பத்தாவின் தலை எழும்பியது.

"தம்பி, அது கீழாநெல்லி. புடுங்கிராதீக. மஞ்சக்காமாலைன்னா ஊரே அதைத் தேடித்தான் அலையும்."

தள்ளி உட்கார்ந்தேன்.

"அது மூக்கிரட்டை. கீரையாக் கடையலாம்."

இன்னும் தள்ளினேன்.

"நெருஞ்சியா? குத்தும்தான். ஆனா நீர்க்கடுப்புக்கு அதை விட்டா வேற எது?"

குப்பைமேனி, தும்பை, அம்மான் பச்சரிசி என்று அடுத்தடுத்த வழக்குகள் எல்லாவற்றிலும் அப்பத்தாவே ஆஜரானார். அரை மணி நேரத்தில் நான் பிடுங்கியது ஒரு பிளாஸ்டிக் கயிறு மட்டும்.

கோரைக்கு வேறு வக்கீல். எதிர்வீட்டில் பிரசவத்துக்கு வந்திருந்த பெண், பிள்ளையைக் குளிப்பாட்ட அரைக்கும் பொடிக்குக் கோரைக்கிழங்கு கேட்டாள். தாராளமாக எடுத்துக்கொள் தாயி என்றேன். நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குவது நம் வாசலிலேயே கிடக்கிறது. ஆனால் கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடுபவை. மேலே இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்து அடுத்த வாரம் பிள்ளை குட்டிகளோடு எட்டிப் பார்க்கும். அவள் ஒரு கிண்ணம் எடுத்துப் போனாள். மறு மாதம் இரண்டு கிண்ணம் தயாராக இருந்தது.

அருகம்புல்லுக்குத் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் பூசாரி வந்தார். சதுர்த்திக்கு மாலை கட்ட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க முடியாது என்றார். அருகு தரைக்கு மேலே ஒரு தண்டும் தரைக்குள் ஒரு தண்டும் விட்டுப் பரவும். துண்டாக வெட்டினால் கணுவுக்குக் கணு தனிக்குடித்தனம் போகும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' என்று மணமக்களை வாழ்த்திய முதல் பெரியவர், கண்டிப்பாக ஒரு நாளாவது அருகைப் பிடுங்கிப் பார்த்துத் தோற்றிருக்க வேண்டும்.

அடுத்து எரு. அந்தப் பக்கமாகச் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வந்த கீதாரியிடம், ஒரு ராத்திரி இங்கே கிடை போட முடியுமா என்று கேட்டேன். அவர் புல்வெளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற ஆடுகளைப் பார்த்தார்.

"இதுலயாங்கய்யா? ஆடுக நின்னுக்கிட்டேதான் தூங்கணும்."

பிறகு இரக்கப்பட்டு ஒரு கூடைப் புழுக்கை மட்டும் கொடுத்தார். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பார்கள். அது உண்மைதான். ஐப்பசி மழையில் அந்த வருஷமே வேலை காட்டியது. ஆடு எங்கெங்கே மேய்ந்ததோ அத்தனை ஊர் விதைகளும் முளைத்தன. சீமைக்கருவேலம் கூட இரண்டு கன்று. அதன் நெற்றைத் தின்கிற ஆடுதான் விதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முளைத்ததில் இளசாக இருந்ததையெல்லாம் விடியற்காலையில் மயில்கள் வந்து கொத்தின. 1963-லிருந்து தேசியப் பறவை. "ச்சூ" என்று சொல்லலாம். அதற்கு மேல் சட்டம் இடம் தராது.

கடைசியில் நர்சரித் தம்பியை வரச் சொன்னோம். பெர்முடா புல் போடலாம், சதுர அடிக் கணக்கு என்று மாதிரிக்கு ஒரு கைப்பிடிப் புல்லை நீட்டினார். அப்பத்தா வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அருகம்புல்லுல்ல?" என்றார். தம்பி அசரவில்லை. "அருகம்புல்தான் அப்பத்தா. ஆனா இது வெலைக்கு வாங்குற அருகம்புல்லு."

அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் புல்வெளிப் பிரச்சினை தீர்ந்தது. பூசாரி காப்பாற்றிக் கொடுத்த அருகையே இரண்டு விரற்கடை உயரத்தில் அடிக்கடி வெட்டி விட்டோம். தலையை வெட்ட வெட்ட அது பக்கவாட்டில் ஓடும். கார்த்திகைக்குள் செம்மண் தெரிந்த இடமெல்லாம் தானாக மூடிக்கொண்டது. மருந்துச் செடிகளுக்குச் சுவரோரம் ஒதுக்கீடு. அத்தனை வழக்கிலும் பார்த்தீனியம் ஒன்றுக்குத்தான் ஆஜராக ஆளில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950-களில் புனே பக்கம் தலைகாட்டி, நாடு முழுக்கப் பரவி, தொட்டவர்க்கெல்லாம் அரிப்பைக் கொடுத்த அதற்கு அப்பத்தாவிடம் கூட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பூப்பதற்கு முன்பே கையுறை போட்டு வேரோடு எடுத்தோம்.

போன மாதம் நர்சரித் தம்பி மறுபடி வந்து எட்டிப் பார்த்தார். புதுப் புல் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

"புல்லு வேணாம் தம்பி," என்றாள் என் மனைவி. "தெரிஞ்ச வெல்டர் இருந்தாச் சொல்லுங்க. கீழாநெல்லிக்கும் மாலைக்கும் வர்ற போற ஆள் ஜாஸ்தியாயிருச்சு. கேட்டைக் கொஞ்சம் அகலமா மாத்தணும்."