கைவிரிக்காத சராசரி

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ். மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் மாமா. பக்கத்தில், வறட்சியில் வேர்க்கடலைச் செடி எந்த ஜீனை முடுக்குகிறது என்று அளக்கும் அக்கா மகள். பாகாலா வரைக்கும் மாமா தூங்கிவிட்டதால் அதுவரை அறிவியலுக்கு ஆபத்தில்லை.

மாமா: காஞ்ச செடி நாலு, தண்ணி ஊத்தின செடி நாலு. ரெண்டுக்கும் சராசரி போட்டுக் கழிச்சா முடிஞ்சுது. இதுக்கு மாசாமாசம் ஸ்காலர்ஷிப்பா?

அக்கா மகள்: மெஷின் தினமும் ஒரே மாதிரி இருக்காது மாமா. முதல் நாள் எந்தச் செடியை வச்சாலும் 10, மறுநாள் எதை வச்சாலும் 6ன்னு வச்சுக்குங்க. காஞ்சதுல மூணு முதல் நாள், ஒண்ணு மறுநாள். ஈரச்செடியில ஒண்ணு முதல் நாள், மூணு மறுநாள்.

மாமா: காஞ்சது 36, நாலால வகுத்தா 9. ஈரம் 28, அப்ப 7. வித்தியாசம் 2. ஜீன் நல்லா வேலை செஞ்சிருக்கே!

அக்கா மகள்: எங்க லாக் கணக்குல 2ன்னா நாலு மடங்கு. பேப்பரே போட்டுடலாம். ஆனா செடி ஒண்ணும் பண்ணல, பண்ணினது கிழமை. லீனியர் மாடல் நாளுக்கு ஒரு பங்கு, வறட்சிக்கு ஒரு பங்குன்னு தனித்தனியா எழுதும். வறட்சியோட பங்கு சைபர்.

மாமா: ரெண்டு நாளும் ரெண்டு ரெண்டா வச்சிருந்தா?

அக்கா மகள்: சராசரியே 8, 8ன்னு சரியாச் சொல்லியிருக்கும்.

மாமா: பாத்தியா, ஜெயிச்சுட்டேன்! சராசரியை நம்பித்தாம்மா சர்க்காரே நடக்குது.

அக்கா மகள்: 2022 ஏப்ரல் 4ல சித்தூர் மாவட்டத்தைப் பிரிச்சாங்களே. ஸ்ரீசிட்டி கம்பெனியெல்லாம் திருப்பதி மாவட்டமாச்சு. ராவோட ராவா சித்தூரோட சராசரி வருமானம் மாறிப்போச்சு. மறுநாள் நீங்க ஒரு மாங்காய் குறைச்சு வித்தீங்களா?

மாமா: (தொண்டையைச் செருமி) நாலே செடியை வச்சு உன் மாடல் மட்டும் எப்படி நம்பறது?

அக்கா மகள்: அதுக்குத்தான் லிம்மான்னு ஒரு சாஃப்ட்வேர், மெல்போர்ன்ல எழுதினது. ஒரு ஜீனோட ஏற்ற இறக்கம் சந்தேகமா இருந்தா மத்த ஆயிரக்கணக்கான ஜீன்கிட்ட இருந்து கொஞ்சம் வாங்கிக்கும்.

மாமா: கடனா! வட்டி என்ன? சரி, காஞ்சது பூரா முதல் நாள், ஈரம் பூரா மறுநாள்னா?

அக்கா மகள்: நாளையும் வறட்சியையும் பிரிக்க முடியலன்னு மாடல் கைவிரிச்சுடும். 2014ல மனுஷ உறுப்பையும் எலி உறுப்பையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்துச்சு. ரெண்டையும் அளந்ததே பெரும்பாலும் மெஷினோட தனித்தனி ஓட்டத்துலன்னு 2015ல சிகாகோக்காரங்க புட்டுப்புட்டு வச்சாங்க.

மாமா: என் சராசரி கைவிரிக்காதும்மா. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும்.

அக்கா மகள்: அதனாலதான் எங்க கைடுக்கும் அதுமேல அவ்வளவு பிரியம். காஞ்சது பூராவும் திங்கட்கிழமையே அளந்தாச்சு. சராசரியைப் போட்டு அனுப்புன்னு காலையில மெசேஜ்.

மாமா: பெரிய மனுஷர்! அவருக்கு ஒரு கூடை தோத்தாபுரி அனுப்பறேன். எல்லாம் சராசரி சைஸ்.