மாப்பிள்ளையும் முப்பது பவுண்டு சிலிண்டரும்

அதிகாலை மூன்று மணி. கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பில், மேதர் முகாமில், டிராவல் டிரெய்லர் ஒன்றுக்குள் நான்கு பேர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹீட்டர் மட்டும் விழித்திருந்தது. விசிறி உர்ரென்று கிளம்பியது, டிக் டிக் டிக் என்று பொறி தட்டியது, தீ பற்றவில்லை. சற்று ஓய்வெடுத்து மறுபடியும் டிக் டிக் டிக். மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, இனி உன் பாடு என்பதுபோல் அடங்கிப்போனது. அதுவரை அந்த விசிறி உள்ளே ஊதியதெல்லாம் பச்சைக் குளிர்காற்று.

"கேஸ் தீர்ந்துருச்சு போல. மாப்பிள்ளைகிட்டச் சொல்லு" என்று கம்பளிக்குள்ளிருந்து மகளிடம் சொன்னார் மாமியார். மாப்பிள்ளை மூன்றடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மதுரையில் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசிப் பழகாதவர், கடல் மட்டத்திலிருந்து 7,000 அடி உயரத்துக்கு வந்துவிட்டதற்காக வழக்கத்தை மாற்றிக்கொள்வாரா என்ன?

மாப்பிள்ளை ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் குடியிருப்பவர், சிப் தொழிற்சாலையில் பொறியாளர். 2021இல் அமெரிக்காவில் ஆர்வி எனப்படும் வீட்டு வண்டிப் பித்து உச்சத்தில் இருந்தது. அந்த ஒரே ஆண்டில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட புது வண்டிகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. ஊரே வாங்குகிறதே என்று இவரும் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கிப் போட்டார். அதன் மூக்கில் ஆளுக்கு முப்பது பவுண்டு புரொப்பேன் பிடிக்கும் இரண்டு சிலிண்டர்கள் இரட்டைப் பிள்ளைகள்போல் உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு ரெகுலேட்டர். ஒன்று தீர்ந்தால் அதுவே மற்றதற்கு மாறிக்கொள்ளும். மாறியதும் அதன் கண்ணாடிப் பொட்டு பச்சையிலிருந்து சிவப்பாகும்.

வசதிதான். ஆனால் பொட்டைப் போய்ப் பார்த்தால்தானே தெரியும்? யாரும் பார்ப்பதில்லை. முதலாவது சத்தமில்லாமல் தீர்ந்து, இரண்டாவதும் தீர்ந்த பிறகுதான் இரண்டும் காலி என்ற செய்தி வந்து சேரும். அதனால் இரண்டாவது சிலிண்டரின் வால்வை மூடியே வையுங்கள் என்று அனுபவஸ்தர் ஒருவர் இவருக்குச் சொல்லியிருந்தார். முதலாவது தீர்ந்ததும் எல்லாம் நின்றுபோகும், பாதி இருப்பு போயிற்று என்று உடனே தெரிந்துவிடும். நல்ல யோசனைதான், இன்றும் அதுவே சரி. அந்தச் செய்தி எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் அனுபவஸ்தர் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு வந்ததில் விதியின் விளையாட்டு எதுவும் இல்லை, கணக்குதான். பகலில் கேஸை உறிஞ்சுவது அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும். பெட்டிக்கு நாளெல்லாம் ஓடினாலும் இரண்டு பவுண்டு எட்டாது. ஹீட்டர் அப்படியல்ல. மணிக்கு 30,000 பி.டி.யு. சூடு தரும் ஹீட்டர், விடாமல் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய 1.4 பவுண்டு கேஸைத் தின்னும். அக்டோபர் கடைசியில் தென் விளிம்பின் இரவு உறைநிலையைத் தொடும். பாதி நேரம் எரிந்தாலும் ஓர் இரவுக்கு ஏழு பவுண்டு. அதிகம் தின்கிற நேரத்தில்தானே பானை காலியாகும்?

லுங்கிமேல் தடித்த ஜாக்கெட், தலையில் விளக்கு சகிதம் அவர் வெளியே இறங்கினார். மரத்தடியில் எல்க் மான் ஒன்று நின்று இவரையே பார்த்தது. லுங்கியை அது முன்பு கண்டிருக்க வாய்ப்பில்லை. இரண்டாவது வால்வைத் திறந்தார், ரெகுலேட்டரின் நெம்புகோலைத் திருப்பினார், உள்ளே வந்தார். ஹீட்டர் பற்றிக்கொண்டது. எல்லோரும் தூங்கிப்போனார்கள், மாப்பிள்ளையைத் தவிர. இன்னும் ஓர் இரவு தங்க வேண்டும். இரண்டாவதில் எவ்வளவு மிச்சம்?

விடிந்ததும் ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் குலுக்கல். அதில் தெரிந்தது ஒன்றுதான்: உள்ளே திரவம் இருக்கிறது, அது குலுங்குகிறது.

அடுத்து அளவுமானி. குழாயோடு சேர்த்துத் திருகும் வட்டமான கருவி ஒன்றை அவர் வாங்கி மாட்டியிருந்தார். முந்தின நாள் வெயிலில் முள் 110 பக்கம் நின்றது. குளிர்ந்த காலையில் 55. ஒரே இரவில் சரிபாதியா என்று அவருக்கு வயிறு கலங்கியது. உண்மையில் அந்த முள் கேஸின் அளவைச் சொல்லவில்லை, வானிலை அறிக்கை வாசித்தது. சிலிண்டருக்குள் திரவப் புரொப்பேன் ஒரு கரண்டி இருந்தாலும் சரி, முக்கால்வாசி இருந்தாலும் சரி, அதன்மேல் நிற்கும் ஆவியின் அழுத்தம் ஒன்றுதான். வெப்பம் மாறினால்தான் அது மாறும். 21 டிகிரி செல்சியஸில் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு, பூஜ்யத்தில் அதில் பாதி. கடைசிச் சொட்டும் ஆவியான பிறகுதான் முள் உண்மை பேசத் தொடங்கும். அப்போது அது சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

"ஈரத்துணியால ஒரு துடை துடைக்கச் சொல்லு" என்றார் மாமியார் மகளிடம். தமிழ்நாட்டுச் சமையலறைகளின் பழைய உபாயம். திரவம் இருக்கிற மட்டம்வரை உலோகம் குளுமையாக இருக்கும், அங்கே ஈரம் நின்று காயும், மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். மதுரையில் பலிக்கிற வித்தை அரிசோனாவின் வறண்ட காற்றில் பலிக்கவில்லை. துணியை எடுப்பதற்குள் மேலும் காய்ந்தது, கீழும் காய்ந்தது.

அமெரிக்கர்கள் இதையே வெந்நீரால் செய்கிறார்கள். ஒரு பக்கமாக வெந்நீரை ஊற்றிவிட்டு உள்ளங்கையால் மேலிருந்து தடவிக்கொண்டே வந்தால், சூட்டைத் திரவம் வாங்கிக்கொள்ளும் இடத்தில் சில்லென்று ஒரு கோடு தட்டுப்படும். ஆனால் மேதர் முகாமின் பொதுக் குழாயில் வருவது தண்ணீர் மட்டும்தான். கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வெந்நீர் வேண்டும், வெந்நீர் வைக்கக் கேஸ் வேண்டும். ஒரு கெட்டில் செலவழித்துப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்கு பக்கம் கோடு தெரிந்தது. மனைவி தடவியபோது கோடு இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது.

இந்தப் புலம்பல் புதிதல்ல. எரிபொருளாகப் புரொப்பேனின் சரித்திரமே இதில்தான் தொடங்குகிறது. 1910இல் பிட்ஸ்பர்க்கில், சுரங்கத் துறையில் வேலை பார்த்த வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளரிடம் ஒரு கார்க்காரர் முறையிட்டாராம்: ஒரு கேலன் பெட்ரோல் வாங்குகிறேன், வீடு போய்ச் சேர்வதற்குள் அரை கேலன்தான் இருக்கிறது, மீதி எங்கே? ஸ்னெல்லிங் ஜாடியில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி கிளம்பியது. பிரித்தெடுத்த ஆவிகளில் ஒன்று புரொப்பேன். 1913இல் காப்புரிமை வாங்கி, ஐம்பதாயிரம் டாலருக்கு எண்ணெய் அதிபர் ஃபிராங்க் பிலிப்ஸிடம் விற்றுவிட்டார். மீதி எங்கே என்று கேட்ட கார்க்காரருக்கு என்ன கிடைத்தது என்று தெரியவில்லை. அவர் கேள்வி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது சிலிண்டரின் அடியில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு மேல்நோக்கி ஒலியலை அனுப்பும் கருவிகூட இருக்கிறது. திரவப் பரப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து மட்டத்தைக் கைபேசியில் காட்டும். கூடவே தன் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்றும் காட்டும். கவலை ஒன்றாக இருந்தது, இரண்டாகிவிடும்.

மாமியார் வெளியே வந்து சிலிண்டரைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். ஊரில் கேஸ் கொண்டுவருகிறவரை வாசலிலேயே நிறுத்தித் தராசில் தொங்கவிட்டு, காலி எடையோடு 14.2 கிலோ சேர்ந்து வருகிறதா என்று பார்க்காமல் உள்ளே விடாதவர். "காலி எடை எங்க போட்டிருக்காம்னு கேளு."

மகள் கேட்டாள். சிலிண்டரின் கழுத்துப்பட்டையில் ஆங்கிலத்தில் 'டி.டபிள்யூ. 25' என்று பொறித்திருந்தது. மூன்று வருடமாக மாப்பிள்ளை அதைத் தைவானில் செய்தது என்று நினைத்திருந்தார். சிப் தொழிலில் இருப்பவருக்கு அந்த இரண்டு எழுத்தும் வேறெதையும் நினைவூட்டாது. காலி எடை 25 பவுண்டு என்பதுதான் அதன் பொருள்.

தராசு? அதற்கும் பஞ்சமில்லை. விமானத்துக்குப் பெட்டி தூக்கும் கொக்கித் தராசு மாமியாரின் கைப்பையிலேயே இருந்தது. அமெரிக்கா வந்துபோகும் குடும்பத்தில் பாஸ்போர்ட் தொலையலாம், அது தொலையாது. நிரம்பிய முப்பது பவுண்டு சிலிண்டர் 55 பவுண்டு இருக்கும், பெட்டி வரம்பைவிட ஐந்து பவுண்டு அதிகம். வால்வை மூடி, குழாயைக் கழற்றி, கொக்கியில் மாட்டி மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துத் தூக்கினார். பீப் என்றது. 36.

முப்பத்தாறில் இருபத்தைந்து போக, பதினொன்று. ஹீட்டருக்கு ஏழு, குளிர்பதனப் பெட்டிக்கு இரண்டு, சமையலுக்கு இரண்டு. காலை டிபனுக்கு இட்லி என்றிருந்தது உப்புமாவாகியது. இட்லித் தட்டு மூன்று ஈடு ஏறுவதற்குள் உப்புமா இறங்கிவிடும் என்பது மாமியாரின் பி.டி.யு. கணக்கு. அன்றிரவு ஹீட்டரை இரண்டு டிகிரி குறைத்து வைத்தார்கள். விடியும்வரை எரிந்தது.

வீடு திரும்பிய பின் மாப்பிள்ளை அளவுமானியைக் கழற்றி வீசினார். பயணத்துக்கு முன்பெல்லாம் கொக்கித் தராசுதான். கடை வாசலில் கூண்டில் பூட்டி வைத்து மாற்றிக்கொடுக்கும் இருபது பவுண்டு சிலிண்டர்களில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பியிருப்பார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. சிட்டையில் எழுதித்தான் இருக்கிறது, சிறிய எழுத்தில்.

டிசம்பரில் மாமியார் ஊருக்குக் கிளம்பினார். பாதாமும் பிஸ்தாவும் அடைத்து வைத்திருந்த பெட்டியின் பக்கத்தில் நின்று, ஆறு மாதத்தில் முதல் தடவையாக மருமகன் முகத்தைப் பார்த்து, "மாப்பிள்ளை, இந்தப் பெட்டிக்குக் காலி எடை எவ்வளவுங்க?" என்றார்.

எல்லாவற்றையும் வெளியே கொட்டி வெறும் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். பதினொன்றரை பவுண்டு. திரும்ப அடைத்துத் தூக்கியபோது 50.8. ஒரு பாதாம் பாக்கெட்டை உருவி மகளிடம் நீட்டினார் மாமியார்.

"ஆர்வில வச்சுக்கங்க. அடுப்புப் பத்த வைக்காமத் தின்னலாம்."