கிளாவரை யூக்கலிப்டஸின் நிறம்: பேஸ்டல் கட்டி வழியே ஓர் ஆய்வு

மரம் எது என்பதில் தொல்காப்பியருக்குக் குழப்பமே இருந்ததில்லை. உள்ளே வயிரம் பாய்ந்தது மரம், வெளியே வயிரம் பாய்ந்தது புல் என்று மரபியலில் தீர்த்துவிட்டார். பனையும் தென்னையும் அன்றைக்கே புல்லாகிப் போயின. பேஸ்டலில் வரைந்த மரத்துக்கோ உள்ளேயும் வயிரமில்லை, வெளியேயும் இல்லை. கை பட்டால் பாதி மரம் சட்டைக்கு வந்துவிடும். அவருக்கு உரையெழுதிய இளம்பூரணர் காலத்திலும் பேஸ்டல் கிடையாது. ஆகவே இது மரமா புல்லா என்பதை நானே விசாரிக்க வேண்டியதாயிற்று.

ஆய்வுக்களம் கிளாவரை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, கவுஞ்சி, பூண்டி எல்லாம் தாண்டி பஸ் போய் நிற்கும் ஊர். அதற்கப்பால் காடு, காட்டுக்கப்பால் கேரளத்து வட்டவடை. 2024 செப்டம்பரில் இந்தக் காட்டில் நிலம் நீளமாகப் பிளந்தபோது அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மரத்தின் நிறத்தைப் பார்க்க யார் வருவார்? நான்தான் போனேன்.

கருவிகள்: 24 நிறப் பெட்டி ஒன்று, உப்புத்தாள் நான்கு. உப்புத்தாள் என்றதும் சிரிக்க வேண்டாம். நிறப்பொடியோடு சுண்ணப்பொடியும் துளிப் பிசினும் சேர்த்து உருட்டியதுதான் பேஸ்டல். வழவழத்த தாளில் அது நிற்காது; பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும். மேல்நாட்டில் இதற்கென்றே மணல் பூசிய தாள் விற்கிறார்கள். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் "எதுக்குங்க?" என்பார்கள். "மரத்துக்கு" என்றால் சரியாக எடுத்துத் தந்துவிடுவார்கள்.

முதல் கருதுகோள்: மரம் பச்சை. இது பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பிழை. பூண்டு வயலோரம் நின்ற ஒரு யூக்கலிப்டஸை மூன்று நாள் காலையில் பார்த்தேன். பட்டை நாடா நாடாய் உரிந்து தொங்கும் இடத்தில் பழுப்பு. உரிந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர். மழை நனைத்த பக்கம் நீலம் ஓடிய சாம்பல். வெயில் பட்டதும், நம்பினால் நம்புங்கள், வெந்நீரில் குளிப்பாட்டிய குழந்தையின் முதுகு. இலையாவது பச்சையா? இளம் இலையில் சாம்பல் பூத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், நம் பச்சையை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை போலும். சரி, உள்ளூர் மரங்களைக் கேட்கலாம் என்றால், சோலைக்காடு துளிர்விடும்போது சிவக்கிறது.

செய்முறையில் அடர்நிறம் முதலில், வெளிர்நிறம் மேலே. இலையை ஒவ்வொன்றாக வரைபவர் கீரைக்கட்டைத்தான் வரைகிறார். மொத்தத் தழையையும் ஒரே திரளாகத் தேய்த்துவிட்டு, இடையிடையே வானத்தைப் பொட்டுப் பொட்டாக வைக்க வேண்டும். குருவி நுழைய இடம் விடாத மரம் காலிஃபிளவர். அந்தப் பொட்டு வானம் வெளிவானத்தைவிட ஒரு சாயல் மங்கல் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மரங்கள் செலவாயின.

பதினொரு மணிக்கு மேகம் இறங்கியது. முதலில் உச்சி போயிற்று, அப்புறம் கிளை, அப்புறம் ஆய்வுப்பொருளே போயிற்று. வெள்ளைக் கட்டியைப் படுக்கவைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். தாளிலும் மரம் போயிற்று. மேகத்துக்குள் நிற்கும் மரத்துக்கு வயிரம் எங்கே இருக்கிறது என்று தொல்காப்பியரே வந்தாலும் காட்ட முடியாது. என் விசாரணை அத்தோடு முடிந்தது.

தலையில் பூண்டுக்கட்டோடு போன பாட்டி ஒருவர் நின்று பார்த்தார்.

"ஏந்தம்பி, மரத்துக்குப் பவுடரா பூசுற?"

"ஆமா பாட்டி."

"பூசு, பூசு. இந்தக் குளுருக்கு அதுக்கும் தோலு வெடிச்சுத்தான கெடக்கு."

கலை வரலாற்றின்படி பாட்டி பேச்சில் பிழையில்லை. 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து ரோசல்பா கரியேரா பேஸ்டலில் பேர் வாங்கியது, பவுடர் பூசிய சீமான் சீமாட்டிகளின் முகங்களை வரைந்துதான். பவுடருக்குப் பவுடர் ஒத்துப்போயிற்று.

கண்டறிந்தவை: பெட்டியிலிருந்த நான்கு பச்சைக் கட்டிகளும் முனை மழுங்காமல் இருக்கின்றன. வெள்ளை பாதி. சாம்பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் தீர்ந்துவிட்டது. நான்கு பச்சைக்கு ஒரு சாம்பல் என்ற கணக்கில் மாற்றிக்கொள்ளச் சம்மதமுள்ள வாசகர்கள் எழுதலாம்.