'இந்தா' என்னும் அலகு: ஊவா மலைகளில் தூரத்தின் இலக்கணம்

1. நோக்கம்

பதுளை பஸ் நிலையத்தில் நின்று ஒரு தோட்டத்துக்கு வழி கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. "இந்தா, கிட்டத்தான்" என்று வரும். அந்தச் சொல்லை நம்பி நடந்தவர்கள் ஏராளம்; அதை ஆராய்ந்தவரைத்தான் காணோம். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக் கருவிகள் இரண்டு: ஆய்வாளரின் வலக்கால், ஆய்வாளரின் இடக்கால். இரண்டும் தற்போது நல்லெண்ணெய் தடவிப் பராமரிப்பில் உள்ளன.

2. பிறநாட்டார் அளவைகள்

மலைநாட்டார் தூரத்தைத் துல்லியமாகச் சொல்வதில்லை என்று முறையிடுவோர் முதலில் நியூயோர்க்கைப் பார்க்கட்டும். 1811இல் திட்டமிட்டுக் கட்டம் கட்டமாக வெட்டிய மான்ஹாட்டனில் தூரத்தை 'பிளாக்' கணக்கில் சொல்கிறார்கள். வடக்குத் தெற்காக நடந்தால் ஏறத்தாழ 20 பிளாக் ஒரு மைல். கிழக்கு மேற்காகத் திரும்பினால் அதே பிளாக் நீண்டுவிடும். போர்ட்லண்டில் ஒரு பிளாக் 200 அடி. சோல்ட் லேக் சிட்டியில் 660 அடி. ஆகவே "மூன்று பிளாக்" என்பது ஓர் ஊரில் 600 அடி, இன்னோர் ஊரில் 1,980 அடி. இதை அங்கே நகர அமைப்பு என்கிறார்கள். இங்கே நாம் செய்தால் பொய் என்கிறார்கள்.

பின்லாந்துக்காரர் ஒரு காலத்தில் நாய் குரைப்பது கேட்கும் எல்லையைத் தூரமாக வைத்திருந்தார்கள். லாப்லாந்தில் கலைமான் சிறுநீர் கழிக்க நிற்காமல் எவ்வளவு போகுமோ அதுவும் ஓர் அலகு. சிங்களவர் 'ஹூ' என்று கூவினால் கேட்கும் தூரத்தை 'ஹூவ' என்றார்கள். நம்மிடம் கூப்பிடு தூரம் உண்டு. ஆனால் ஊவாவில் அதுவும் நிலையாக நிற்காது. ஆடி ஆவணியில் கச்சான் அடிக்கும்போது, காற்று போகும் பக்கம் கூப்பிட்டால் அடுத்த மலைக்குக் கேட்கும். எதிர்ப்பக்கம் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்கே கேட்காது.

3. நிலையான அலகுகள்

மிகச் சிறிய அலகு காம்பரா, அதாவது லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறை. பழைய லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. "நாலு காம்பரா தள்ளி" என்றால் சண்டை காதில் விழும் தூரம். "தொங்கக் காம்பரா" என்றால் சண்டையைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளும் தூரம். பத்துக் காம்பரா சேர்ந்த ஒரு லயத்தின் முகப்பை 100 அடி என்று வைத்தால், இரண்டு லயம் ஒரு போர்ட்லண்ட் பிளாக். வெள்ளைக்காரர் அங்கே பிளாக் கட்டினார்கள், இங்கே லயம் கட்டினார்கள். அங்கே ஒரு குடும்பத்துக்கு எத்தனை அறை என்ற ஒப்பீட்டுக்குள் இவ்வாய்வு நுழையாது.

லயத்துக்கு அடுத்தது மலை. தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு நம்பர் மலை. "ஏழாம் நம்பருக்கு அங்கிட்டு" என்று சொல்பவர், ஆறும் எட்டும் அடுத்தடுத்து இல்லை என்பதைச் சொல்வதில்லை. அதற்கு மேல் தோட்டப் பிரிவான கணக்கு: மேல்கணக்கு, பணியக்கணக்கு (கீழ்ப்பிரிவு). கணக்கு என்று பெயர் இருப்பதால் கணக்காக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

பெருந்தெருவின் அலகு கட்டை. மைல்கல் நட்ட காலத்தில் பிறந்த சொல். கல்லில் கிலோமீட்டர் ஏறிவிட்டது; நாக்கிலிருந்து கட்டை இறங்கவில்லை. மலேசியத் தமிழரும் கட்டை என்றே சொல்லிப் பழகியவர்கள். இத்துடன் முடக்கையும் சேர்க்க வேண்டும். கண்டி–மஹியங்கனைப் பாதைக்குப் '18 வளைவு' என்றே பேர். அப்பாதையின் நீளத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை. வயிறு வளைவுகளை எண்ணிக்கொள்கிறது.

4. அளபெடைக் கொள்கை

இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுதான். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண்ணிமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியம். எந்த எழுத்தும் தனியே மூன்று மாத்திரை ஒலிக்காது. நீட்ட வேண்டுமானால் இன எழுத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு அளபெடை என்று பெயர். இது செய்யுளில் ஓசை நிறைக்க வந்தது என்று புலவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது தூரம் அளக்க வந்தது. பெயரிலேயே அளவு இருக்கிறது.

"இந்தா" என்றால் ஈற்றெழுத்துக்கு இரண்டு மாத்திரை. முடக்கு திரும்பினால் வந்துவிடும். "இந்தாஅ" என்றால் மூன்று; ஒரு மலை ஏற வேண்டும். "அந்தாஅஅ" என்று நாடியைத் தூக்கிக் காட்டினால் சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது. எழுத்து கூடக் கூட மலையும் கூடும்.

ஐகாரக் குறுக்கத்துக்கும் இங்கே வேலை உண்டு. தேயிலை நிரைகளுக்கிடையே செங்குத்தாக இறங்கும் பாதைக்குக் குறுக்கு என்று பெயர். இலக்கணக் குறுக்கத்தில் மாத்திரை குறையும். மலைக் குறுக்கில் தூரம் குறையும், அட்டை கூடும்.

5. சரிவுத் திருத்தம்

பள்ளத்தில் இருப்பவரிடம் கேட்ட தூரமும் மேட்டில் இருப்பவரிடம் கேட்ட தூரமும் ஒன்றல்ல. பணியப் போகும்போது இரண்டு மாத்திரை. அதே பாதையில் மேலே வரும்போது நான்கு. முதுகில் கொழுந்துக் கூடை இருந்தால் தனிக் கணக்கு.

இதற்கு ரயில்வேயே சாட்சி. தெமோதரையில் ரயில் நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கம். நிலையத்தை விட்ட பதுளை ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தான் நின்ற இடத்துக்கு அடியிலேயே நுழைகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையைச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, 1924இல் பதுளைக்கு வந்த ரயில் ஒன்றை ஒப்புக்கொண்டுதான் வந்தது: இந்த மலையில் "நேர் கீழே" என்பதும் "இந்தா" போன்றதொரு சொல்தான்.

6. களஆய்வு

ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பேத்தன்னவில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை இருக்கிறது. அங்கிருந்து லிப்டன் சீட் எனப்படும் உச்சிக்குச் சுமார் 7 கிலோமீட்டர். ஆய்வாளர் நடந்தார். வழியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு தூரம் அக்கா?"

"இந்தா வந்துட்டீங்க தம்பி."

அரைமணி நேரம் கழித்து ஒரு பெரியவர்: "இந்தாஅ, அந்த முடக்குத்தான்."

அந்த முடக்கில் இன்னொரு முடக்கு இருந்தது. உச்சியை அடைந்தபின் ஆய்வாளர் சிந்தித்தார். அடிவாரத்திலேயே சரியான எண்ணைச் சொல்லியிருந்தால் த்ரீவீலரைத் தேடியிருப்பார். நடக்க வைத்தது அந்தச் சொல்தான். எனவே 'இந்தா' தூரத்தை அளக்கும் சொல்லன்று, நடப்பவரைத் தள்ளிவிடும் சொல்.

7. விதிவிலக்கு

இக்கொள்கை ஓரிடத்தில் முறிகிறது. இரவில், பாதை இல்லாத லயத்திலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு பெருந்தெருவுக்கு இறங்கும்போது யாரும் "இந்தா" என்பதில்லை. எத்தனை பேர் வேண்டும், எந்த இடத்தில் தோள் மாற்ற வேண்டும் என்றுதான் பேசுவார்கள். அந்தக் கணக்கு பிசகுவதில்லை. அந்த மக்களுக்குத் துல்லியம் தெரியாது என்ற வாதம் இத்துடன் விழுகிறது. அவர்கள் எடுக்கும் கொழுந்துக்கு மடுவத்தில் தராசு உண்டு. நடக்கும் வழிக்குத்தான் தார் இல்லை.

8. முடிபும் பயணிகளுக்கு அறிவுரையும்

"இந்தா" என்றால் தாராளமாக நடக்கலாம். அளபெடுத்தால் தண்ணீர்ப் போத்தல் அவசியம். வழி கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, உங்கள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் முன்னே நடந்தால், அதுதான் உண்மையிலேயே தூரம். மறுக்காமல் பின்னால் போங்கள்.