கம்பத்து அடியைப் பாருலே!

ஏலே, இங்க வா. அமெரிக்காவுல கம்பத்து மேல நிக்கிற பழைய அபாயச் சங்கு படத்தையெல்லாம் போனுல சேத்து வச்சுக்கிட்டு, பெரிய நிபுணன் மாதிரி அலையுதியாம்லா? மஞ்சப் பெயிண்டைப் பாத்ததும் 'தண்டர்போல்ட்'னு அடிச்சுச் சொல்லிட்டியாம். பெயிண்டு ஒரு சாட்சியாலே? இன்னிக்கு மஞ்சள் அடிச்சவன் நாளைக்கு வெள்ளை அடிச்சா அதுக்குப் பேர் மாறிருமா? பேர்த்தகடும் மழையிலயும் பனியிலயும் எம்புட்டு நாளு தாங்கும்?

அண்ணாந்து பாத்தது போதும், கீழ பாரு. ஃபெடரல் கம்பெனிக்காரன் 1950-கள்ல கொண்டாந்த தண்டர்போல்ட்டுக்கு மூச்சு கீழதான். காத்தை அமுக்கித் தள்ளுற ப்ளோயர் தனிப் பெட்டிக்குள்ள கெடக்கும். அங்கேருந்து தடிக் குழாய் ஒண்ணு மேல ஏறும். உச்சியில ஒத்தை வாய். பந்தியில சொந்தக்காரனைத் தேடுற மாமன் கணக்கா, சுத்திச் சுத்தி ஊதும். ப்ளோயரை எவனாவது கழட்டிட்டுப் போயிருந்தாலும், குழாய் வந்து சேர்ற எடம் மேல காட்டிக்குடுத்துருமே!

வாய் சுத்தாம நாலு பக்கமும் ஊதுற ரகமா? அப்ப பொந்தை எண்ணு. ஒரு வரிசையா, ரெண்டு வரிசையா? உள்ள சக்கரம் சுத்தச் சுத்த, பொந்து தொறந்து மூடி காத்தை வெட்டும். அதுதான் சத்தம். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 12-ன்னா ரெண்டு சுரம் சேந்து அழும். சக்கரம் நொடிக்கு 50 சுத்து போனா, 10 பொந்துக்கு 500 அதிர்வு, 12-க்கு 600. வாய்ப்பாடு தெரிஞ்சாப் போதும். நீ என்னடான்னா 'சோகம் ததும்பும் குரல்வளம்'னு ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கே.

கடைசிப் படத்தைப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கல. கிரைஸ்லர் கார் கம்பெனிக்காரன் 1952-லேருந்து செஞ்ச சங்கு அது. 12 அடி நீளம், ஆறு கொம்பு, 180 குதிரைசக்தி வி-8 இஞ்சின். 100 அடி தள்ளி நின்னாலும் 138 டெசிபல். போர்க்காலத்துல, 1942-ல வந்த அதோட அண்ணங்காரனுக்கு, பின்னாலயே ஆளு ஒருத்தன் இருந்து ஓட்டணும். பாவம், அவன் காது என்ன பாடுபட்டுச்சோ! ஒரு கார் இஞ்சினையே தூக்கி மேல வச்சிருக்கான். அதைப் பாத்துட்டு, "தாத்தா, இது கரண்டு மோட்டாரா?"ன்னு எங்கிட்ட கேக்கியே, படிச்ச புள்ள!