புதினா வாசனை எத்தனை மணி வரை?

கேள்வி: காலையில் நுரை பொங்கத் தேய்த்தாலும் பத்து மணிக்கெல்லாம் வாய் நாறுகிறதே! பேஸ்ட் என்னதான் செய்கிறது?

பதில்: புதினா செய்வது வெறும் ஒப்பனை. நாற்றத்தின் தலைமையகம் நாக்கின் பின்பகுதி. காற்றுப் படாத அந்த இடுக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை வீச்சம் அதுதான்.

டியூபின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஜிங்க் சேர்மம் இருந்தால், அது கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயுவாகக் கிளம்பவிடாது. ஸ்டேனஸ் ஃப்ளோரைடு பாக்டீரியாவையே அடக்கும். முன்பு டிரைக்ளோசான் பார்த்த வேலை இது. அமெரிக்காவில் கோல்கேட் டோட்டல் 2019இல் அதைக் கைவிட்டு, இந்த இரண்டுக்கும் மாறியது.

நாக்கு வழிக்காதவருக்கு எந்தப் பேஸ்ட்டும் பாதி வேலைதான் செய்யும். அப்படியும் நாறினால் பேஸ்டை மாற்றாதீர்கள். பல் டாக்டரைப் பாருங்கள்.