விடுப்பில் இருப்பவரை அழைத்தல்: ஒரு விளக்கக் குறிப்பு

பெறுநர்: உயர்திரு மனிதவள மேலாளர் அவர்கள். (நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. எந்த நிறுவனமானாலும் பழக்கம் ஒன்றே.)

பொருள்: ஆண்டு விடுப்பு – விடுப்பிலுள்ள பணியாளரைக் கைபேசியில் அழைத்தல் – முறைப்படுத்தி ஆணை வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 25. 2. ‘லீவ்ல இருக்கீங்கன்னு தெரியும், இருந்தாலும்...’ எனத் தொடங்கும் வாட்ஸ்அப் செய்தி.

ஐயா,

ஆண்டு விடுப்பு என்பது ஊதியத்தோடு பணிக்கு வராமலிருக்கச் சட்டம் தந்த உரிமை. பார்வை 1இல் கண்ட சட்டப்படி, ஒரு நிறுவனத்தில் தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் ஊதிய விடுப்பு உண்டு. எடுக்காமல் விட்டால் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இன்னும் நுணுக்கமாகக் கணக்குப் போட்டது: ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. எத்தனை நாள் என்பதில் இவ்வளவு கறாராக இருந்த சட்டங்கள், அந்த நாட்களில் அலுவலகம் பணியாளரை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பழைய சட்டங்களை இயற்றியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பே 1995 ஜூலை 31இல்தான் நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவில் இருந்தபடி, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இருவருமே அப்போது அலுவலகத்தில் இருந்தார்கள். அந்த முன்னுதாரணம் பின்னர் பின்பற்றப்படவில்லை.

விடுப்புக்கால அழைப்பின் வேர் விடுப்பு விண்ணப்பத்திலேயே இருக்கிறது. பழைய படிவங்களில் ‘விடுப்புக் கால முகவரி’ என்று ஒரு கட்டம் உண்டு. விண்ணப்பதாரர் மாமனார் வீட்டு முகவரியையோ சொந்த ஊர்த் தெருவையோ எழுதி, ‘வழி’ என்று போட்டு அருகிலுள்ள தபால் நிலையத்தின் பெயரையும் சேர்ப்பார். அலுவலகத்துக்கு ஆள் உண்மையிலேயே தேவைப்பட்டால் தந்தி போகும். தந்தி அனுப்ப ஒருவர் எழுந்து தபால் நிலையத்துக்கு நடக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் காசு கொடுக்க வேண்டும். அந்தக் காசை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கணக்குப் பிரிவு கேட்கும். இத்தனையும் கடந்து போகிற அளவுக்கு அவசரமான விஷயங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் தேறின. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று ஊர் பழகியிருந்ததால், சேவகர் வாசலில் நின்றதும் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடுவதுண்டு. பிரித்துப் பார்த்து, ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் வீடே நிம்மதிப் பெருமூச்சு விடும். அலுவலக அழைப்பு நிம்மதி தந்த காலம் அது ஒன்றுதான்.

2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே முகவரிக் கட்டம் இருந்த இடத்தில் கைபேசி எண் வந்து உட்கார்ந்துவிட்டது. அழைக்கும் செலவு இல்லை என்றானது. செலவு போனதும் அவசரத்தின் தரமும் இறங்கியது.

இன்றைய அழைப்பின் அமைப்பு ஏறத்தாழ மாறாதது. முதலில் குற்ற ஒப்புதல்: ‘சாரி ப்ரோ, டிஸ்டர்ப் பண்றேன்.’ அடுத்து அளவு குறிப்பிடுதல்: ‘ஒரே ஒரு நிமிஷம்.’ மூன்றாவதாக விஷயம். ஒரு காதுகுத்து விழாவை எடுத்துக்கொள்ளலாம். குலதெய்வக் கோயில் வாசலில் பந்தல். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கிறது. ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். குழந்தையின் தலையை அசையாமல் பிடித்திருப்பதால் மாமனுக்கு இரண்டு கையும் ஓய்வில்லை. சட்டைப் பையில் கைபேசி அதிர்கிறது, நிற்கிறது, மறுபடி அதிர்கிறது. மச்சான் எடுத்து அவர் காதில் வைக்கிறார். மறுமுனையில் ஒரு எக்செல் கோப்பு தேடப்படுகிறது. ‘ஃபைனல்’ என்று ஒன்றும், ‘நியூ ஃபைனல்’ என்று ஒன்றும், ‘ஃபைனல் 2 யூஸ் திஸ்’ என்று ஒன்றும் கிடைத்திருக்கின்றன. எது கடைசி? அந்த நேரத்தில் ஊசி இறங்குகிறது. குழந்தை வீறிடுகிறது. அழைத்தவர் அதைக் கேட்டு, ‘ஓ, வெளியில இருக்கீங்களா?’ என்கிறார். ‘பரவால்ல, அப்படியே அந்த பாஸ்வேர்டையும் சொல்லிட்டீங்கன்னா...’

இங்கே தேடப்பட்ட பொருள்களைக் கவனிக்க வேண்டும். கோப்பு, பாஸ்வேர்டு, பீரோ சாவி, சப்ளையரின் எண், போன மாதம் யாரோ சொன்ன ஒப்புதல். விடுப்புக்கால அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைக்குள் அடங்கும். எதுவும் நெருக்கடி அல்ல. ஒருவர் மண்டைக்குள் மட்டும் இருந்த தகவல் அவரோடு சேர்ந்து ஊருக்குப் போய்விட்டது, அவ்வளவே. அரசு அலுவலகத்தில் பொறுப்பு மாறும்போது ஒப்படைப்புச் சான்று எழுதி, கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திடும் வழக்கம் உண்டு. தனியார் நிறுவனத்தில் அதற்கு இணையானது ‘ஹேண்டோவர் மெயில்’. விடுப்பில் போகிறவர் முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, நிலுவை வேலைகளை வரிசைப்படுத்தி, எது எங்கே இருக்கிறது என்று எழுதி, ஆறு பேருக்கு அனுப்புவார். அந்த மடலை எவரும் திறப்பதில்லை. திறந்து தேடுவதைவிட அழைத்துக் கேட்பது சுலபம். அழைப்பவரின் அரை நிமிடம் மிச்சமாகிறது. அதற்கான விலையை வேறொருவரின் பந்தல் கொடுக்கிறது.

மனிதவளத் துறை அறிய வேண்டிய ஒரு சுற்றறிக்கை உண்டு. முக்கியமான பொறுப்புகளில் இருக்கும் ஊழியர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது, குறைந்தது 10 வேலைநாள் ஒரே மூச்சில், முன்கூட்டிச் சொல்லாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அந்த நாட்களில் அவர் அலுவலகத்துக்கும் வரக் கூடாது, வேலை சார்ந்த கணினி அமைப்புகளையும் தொடக் கூடாது. எல்லா ஊழியருக்கும் பொதுவான மின்னஞ்சல் மட்டும் விலக்கு. இதை ரிசர்வ் வங்கியின் கருணை என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவர் தில்லுமுல்லு செய்துகொண்டிருந்தால், அவர் இல்லாத பத்து நாளில் அது வெளியே வந்துவிடும் என்பதே கணக்கு. அப்படியானால் தடையில்லாத விடுப்பு என்பது தணிக்கைக் கருவி. விடுப்பில் இருப்பவரை நாளுக்கு நாலு முறை அழைக்கும் நிறுவனம் இரண்டில் ஒன்றைத்தான் ஒப்புக்கொள்கிறது: தன் ஊழியர் தவறே செய்ய மாட்டார் என்ற பரிபூரண நம்பிக்கை, அல்லது தன் வேலை எப்படி நடக்கிறது என்று தனக்கே தெரியாது என்ற உண்மை. முதலாவது என்றால், சம்பள உயர்வில் அது பிரதிபலித்திருக்க வேண்டும்.

விடுப்பிலிருந்து திரும்ப அழைப்பதற்கு முறையே கிடையாது என்பதும் தவறு. 1922இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளிலேயே அதற்கு வழி இருந்தது. மத்திய அரசு ஊழியருக்கான 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் அதைப் பின்பற்றுகின்றன. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று 7ஆவது விதி முதலிலேயே கையை விரித்துவிடுகிறது. ஊழியரோடு கொஞ்சி விளையாடும் ஆவணம் அல்ல அது. ஆனால் அதே விதிகளின் 23ஆவது விதி, விடுப்பு முடியுமுன் கட்டாயமாகத் திரும்ப அழைக்கப்பட்டவர் பணியிடத்துக்குப் புறப்படும் நாளிலிருந்தே பணியில் இருப்பதாகக் கருதப்படுவார் என்கிறது. பயணப்படியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து அழைத்தால் திரும்பி வரும் பயணமும் அரசின் செலவு. வெள்ளைக்காரன் காலத்துச் சிக்கனத்துக்கே இது புரிந்திருந்தது: அழைத்தால் அது வேலை, வேலையென்றால் கூலி.

வெளிநாடுகளில் இந்த விவகாரம் வேறு பாதையில் போனது. பிரான்சில் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வேலை நேரத்துக்கு வெளியே தன் சொந்தக் கைபேசியை எடுக்கவில்லை என்று வேலைநீக்கம் செய்யப்பட்டார். எடுக்காதது குற்றமல்ல என்று அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பின்னர் 2016இல் சட்டமே வந்து, 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி நிர்வாகம் தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும். பேச வேண்டும் என்பதோடு சட்டம் ஏறக்குறைய நின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். போர்ச்சுகல் 2021இல் இன்னும் நேரடியாக, வேலை நேரத்துக்கு வெளியே அழைக்காதிருப்பது முதலாளியின் கடமை என்றது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல், மறுப்பது நியாயமற்றதாக இல்லாத வரை, ஊழியர் வேலை நேரத்துக்கு வெளியே அழைப்பை எடுக்காமல் இருக்கலாம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட அழகான ஏற்பாட்டைச் செய்தது சட்டமல்ல, ஜெர்மனியின் டைம்லர் கார் நிறுவனம். அது அறிமுகப்படுத்திய முறையில், விடுப்பில் இருப்பவர் விரும்பினால் அவருக்கு வரும் மின்னஞ்சல் அழிந்துபோகும். அனுப்பியவருக்கு, இவர் இல்லை, அவசரமென்றால் இன்னாரைக் கேளுங்கள் என்று பதில் போகும். திரும்பி வருகிறவரின் பெட்டியில் விடுப்புக்கால மடல் ஒன்றுகூட இருக்காது. விடுப்பு முடிந்த முதல் நாளை எண்ணூறு மடல்களுக்குப் பலிகொடுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இந்தியாவிலும் ட்ரீம்11 நிறுவனம், விடுப்பில் உள்ள சக ஊழியரைத் தொந்தரவு செய்கிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று 2022இல் அறிவித்தது.

நாடாளுமன்றத்தில் இதே நோக்கத்தோடு உறுப்பினர் சுப்ரியா சுலே 2018இல் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மறுபடியும் அறிமுகப்படுத்தினார். சுதந்திரத்துக்குப் பின் நிறைவேறிய தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். எனவே மனிதவளத் துறை இதற்காகப் பதற வேண்டியதில்லை.

அழைப்புகள் அனைத்தையும் தடை செய்ய வேண்டும் என்று இக்குறிப்பு கோரவில்லை. கொதிகலன் பிரச்சினை, சர்வர் படுத்துவிட்டது, அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் இல்லை என்பன உண்மையான அவசரங்கள். அவற்றுக்கு முறைவைத்து, படி கொடுத்து, தயார்நிலையில் ஆள் வைப்பதே ஒழுங்கு. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் மாலை தாமாகவே அலுவலகத்துக்கு அழைத்து, ‘எல்லாம் ஓடுதா?’ என்று கேட்கும் ஊழியர்களும் உண்டு. எல்லாம் நன்றாக ஓடுகிறது என்ற பதில் அவர்கள் முகத்தில் ஏற்படுத்தும் வாட்டத்தைக் குடும்பத்தார் பார்த்திருக்கிறார்கள். இவர்களைக் காப்பாற்ற எந்தச் சட்டத்தாலும் முடியாது.

கோரப்படுவது சிறியது. அழைப்பு தொடரட்டும், பதிவாகட்டும். விடுப்பிலுள்ளவரை அழைக்க விரும்பும் அலுவலர் முதலில் ‘திரும்ப அழைப்பு ஆணை’ப் படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்ப வேண்டும். அதில் தேடப்படும் தகவல் என்ன, ஹேண்டோவர் மெயில் எத்தனை மணிக்குத் திறந்து படிக்கப்பட்டது, இந்தத் தகவல் அலுவலகத்தில் வேறு எவருக்கும் தெரியாது என்பதற்குப் பக்கத்து இருக்கைக்காரரின் சான்று ஆகியன இடம்பெற வேண்டும். தகவல் வேறு எவருக்கும் தெரியாது என்பது உறுதியானால், அந்த நிலைக்குப் பொறுப்பான மேலாளரின் விளக்கம் தனித்தாளில் இணைக்கப்பட வேண்டும். அழைப்பு எடுக்கப்பட்ட கணம் முதல் பணியாளர் பணியில் இருப்பதாகக் கருதப்படுவார். ‘ஒரே ஒரு நிமிஷம்’ என்பது அரை நாளாகக் கணக்கிடப்பட்டு விடுப்பு இருப்பில் திரும்ப வரவு வைக்கப்படும். நீல டிக் விழுந்தும் பதில் வராத செய்திகள் தந்தி சேராததற்கு ஒப்பாகக் கருதப்பட்டு, எவரிடமும் விளக்கம் கேட்கப்படமாட்டாது. அழைப்பின்போது மடியில் குழந்தை இருந்தால் பயணப்படி இரட்டிப்பாகும்.

இதற்கு வேண்டிய செலவு குறைவே. சம்பள மென்பொருளில் புதிய தலைப்பு ஒன்றைத் திறந்தால் போதும். அதைத் திறக்கத் தெரிந்த ஒரே நபர் வரும் திங்கள் வரை விடுப்பில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
விடுப்பு இருப்பு உள்ளோர்